ஆண்டுச் சந்தாவும் ஆறு வார உற்சாகமும்

ஜனவரி பிறந்தால் உடற்பயிற்சிக் கூடங்களின் வாசலில் சலுகைப் பலகைகள் முளைத்துவிடுகின்றன. மாதாமாதம் கட்டுவதைவிட ஆண்டுச் சந்தா மலிவு என்கிறார்கள். இன்றே கட்டினால்தான் இந்த விலை என்கிறார்கள். மொத்தமாகக் கட்டியவர்களில் பலர் பொங்கல் கழிந்து சில வாரங்களில் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இடையில் கூடம் வேறு பகுதிக்கு மாறுகிறது, வாக்களித்த பயிற்சியாளர் விலகிவிடுகிறார், சில இடங்களில் ஷட்டரே இறங்கிவிடுகிறது. அப்போதும் பணம் கட்டியவர் வாய் திறப்பதில்லை. 'நாமே ஒழுங்காகப் போகவில்லை, எந்த முகத்தோடு கேட்பது?' என்று ஒதுங்கிக்கொள்கிறார். நாம் போகாமல் இருந்தது ஒரு விஷயம்; விற்ற சேவையை அவர்கள் தராமல் போனது முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சட்டம் தந்திருக்கும் உரிமை கேட்பாரற்றுப் போகிறது.

போகாமல் இருப்பதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துவிடுவதும் சரியல்ல. 2022ஆம் ஆண்டு நிலவரப்படி இந்தியாவில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுக்கு, அதாவது வாரம் 150 நிமிட மிதமான உடலுழைப்புக்கு, எட்டவில்லை என்று 2024இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான ஆய்வு சொல்கிறது. பாதி நாட்டையும் சோம்பேறி என்று திட்டுவதால் எதுவும் விளங்கிவிடாது. உளவியல் வேறு காரணம் காட்டுகிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயான் இருவரும் வளர்த்தெடுத்த சுயநிர்ணயக் கோட்பாட்டின்படி, ஒரு பழக்கம் நிலைக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும்: நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, எனக்கு இது கைவருகிறது என்ற உணர்வு, உடன் இருப்பவர்களோடு ஒட்டுதல். குற்ற உணர்ச்சியாலோ பிறர் பார்வைக்காகவோ தொடங்கியது விரைவில் தளர்கிறது. ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த தன்திறன் நம்பிக்கை என்ற கருத்தும் இதற்கு அருகில்தான் நிற்கிறது: சிறு வெற்றிகளால்தான் 'என்னால் முடியும்' என்ற எண்ணம் ஊறுகிறது. முதல் நாளே தாங்க முடியாத எடையைக் கொடுத்து மூன்று நாள் கைகால் அசைக்க முடியாமல் செய்யும் கூடம் அந்த எண்ணத்தை வேரோடு பிடுங்கிவிடுகிறது. இந்த மூன்று தேவைகளில் ஒன்றையாவது ஆண்டுச் சந்தா ரசீது நிறைவேற்றுகிறதா?

'பணம் போட்டால்தான் எனக்குப் போகத் தோன்றும்' என்று பலர் சொல்வார்கள். முழுப் பொய்யல்ல, ஆனால் அந்த உந்துதல் நீடிப்பதில்லை. கூர்வில், சோமன் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் காட்டியபடி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டணம் செலுத்தும் உறுப்பினர்களின் வருகை, பணம் கட்டியதை ஒட்டிய நாட்களில் கூடி, பிறகு அடுத்த தவணைவரை தேய்ந்துகொண்டே போகிறது. ஆண்டுக்கு ஒருமுறை கட்டினால் அந்த உறைப்பும் ஆண்டுக்கு ஒருமுறைதான். அப்படியானால் மாதச் சந்தா போதுமா என்றால், அதிலும் ஒரு பொறி உண்டு. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் இருவரும் அமெரிக்காவின் மூன்று கூடங்களில் 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறைதான் போனார்கள்; ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒன்றுக்கு 10 டாலரில் முடிந்திருக்கும். தானாகப் பிடிக்கப்படும் மாதச் சந்தாவை நிறுத்தவும் அவர்கள் தாமதித்தார்கள். நாளைய நம்மைப் பற்றி இன்றைய நாம் வைக்கும் அதீத நம்பிக்கைக்குத்தான் இத்தனை விலை. ஆகவே மாதச் சந்தா கட்டுங்கள். தானியங்கிப் பிடித்தத்துக்கு மட்டும் அனுமதி தராதீர்கள். பணத்தைவிட வலுவான உந்துதல் செலவே இல்லாதது. பிரிட்டனில் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வில், எந்த நாளில், எத்தனை மணிக்கு, எங்கே என்று எழுதி வைத்தவர்களில் 91 விழுக்காட்டினர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சியின் நன்மைகளைப் படித்ததோடு நின்றவர்களில் நாற்பது விழுக்காடுகூடத் தேறவில்லை.

ஏற்கெனவே மொத்தமாகக் கட்டிவிட்டவர்கள் அடுத்துச் சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் ரசீது. சேவைக்குப் பணம் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. ரசீது, கையெழுத்திட்ட படிவத்தின் நகல், விளம்பரத்தின் படம், வாட்ஸ்அப் உரையாடல், பணம் போனதற்கான வங்கிப் பதிவு அனைத்தையும் ஓரிடத்தில் சேருங்கள். பிறகு, எந்தத் தேதியிலிருந்து எந்தச் சேவை கிடைக்கவில்லை, எத்தனை மாதத்துக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும், எத்தனை நாளுக்குள் என்று ஒரு பக்கத்தில் எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, அது சேர்ந்ததற்கான அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். வரவேற்பு மேசையில் சண்டை போட்டுவிட்டு வருவது அறிவிப்பு ஆகாது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தால் அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள். உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே புகார் செய்ததையே வழக்குத் தொடுத்ததாக நினைத்து உட்கார்ந்துவிடாதீர்கள்.

வழக்குக்கு உரிய இடம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை. கூடம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம். 'இ-ஜாக்ரிதி' தளத்தின் வழியாகவும் செய்யலாம். புகாரோடு பிரமாணப் பத்திரம் வேண்டும். படிவத்தில் 'பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்டிருக்கிறதே என்று பின்வாங்க வேண்டாம். தராத சேவைக்கான பணத்தை அந்த வரி காப்பாற்றிவிடாது. ஆனால் அந்த நிபந்தனையையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று தனியாக எதிர்ப்பதானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். மாவட்ட ஆணையத்தில் சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடவடிக்கை என்றே எழுதுங்கள். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: கூடம் ஒழுங்காக நடக்கிறது, உங்களுக்குத்தான் மனம் போகவில்லை என்றால், அது சேவைக் குறைபாடு ஆகாது. மொத்தமாகக் கட்டாதீர்கள் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

இ.எம்.ஐ.யில் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு. பல இடங்களில் அது கூடத்துக்குக் கட்டும் தவணை அல்ல. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். கூடம் மூடினாலும் கடன் மூடாது. கோபத்தில் தவணையை நிறுத்தினால் அடிபடுவது உங்கள் கடன் மதிப்பெண். முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போங்கள்.

ஆய்வகச் சோதனை தேவையில்லாத புகாரை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கிறது, ஆணையங்களில் பதவிகளைக் காலியாகவே போட்டு வைத்த அரசுகளை 2021இல் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது. அவர்களின் தாமதத்துக்குச் சாக்கு உண்டு; உங்களுடையதைத் தக்க காரணம் காட்டினால்தான் ஆணையம் மன்னிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள்தான் அவகாசம். 1915இல் பேசிக்கொண்டிருந்தாலும், மேலாளர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாலும், அந்த இரண்டு ஆண்டு ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஷட்டர் இறங்கிய தேதியை இன்றே ரசீதின் பின்புறம் எழுதி வையுங்கள்.