85 டிகிரி உறைபனி

ஜனவரி மாதத்து விடியற்காலை. நீலகிரியின் சோலூர் சரிவுகளில் தேயிலைக் கொழுந்தும் முட்டைக்கோஸ் பாத்தியும் உறைபனியில் வெளுத்துக் கிடக்கின்றன. தோட்டத்து ஓரத்தில் ஒரு கம்பம், அதில் ஒரு வெப்ப உணரி, அங்கிருந்து வீட்டுக்குள் இருக்கும் ராஸ்பெரி பை என்ற சிறு கணினிப் பலகைக்கு ஒரு வயர் என்று வையுங்கள். திரையில் தெரியும் வெப்பநிலை: 85 டிகிரி செல்சியஸ்.

உணரி கெட்டுவிட்டது என்று கழற்றி வீச வேண்டாம். இந்த வேலைக்குப் பெரும்பாலோர் வாங்குவது டி.எஸ்.18.பி.20 என்ற உணரி. எஃகுக் குழாய்க்குள் அடைத்து, வயரோடு சேர்த்துச் சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும். மின்சாரம் பாய்ந்தவுடன் அதன் நினைவகத்தில் முதலில் வந்து உட்காரும் எண் 85. அதன்பின் குளிரையோ சூட்டையோ அளந்து முடிக்க முக்கால் நொடி வரை ஆகும். அதற்குள் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தால் அளவீடு பாதியில் நின்றுபோய், அந்த 85 அப்படியே வெளியே வந்துவிடும். பிழை சரிபார்க்கும் எண்ணும் ஒழுங்காகவே இருப்பதால் பலகையில் ஓடும் லினக்ஸும் அதை நம்பிவிடும். பனி விழுந்த காலையில் வரும் 85, வயரிலோ அடாப்டரிலோ கோளாறு என்று சொல்ல வந்த செய்தி.

ஒற்றைப் பலகைக் கணினிகளோடு மல்லுக்கட்டும் ஆர்வலர்கள் நாளடைவில் கற்றுக்கொள்ளும் பாடமும் இதுவே. நிரலில் தலைகாட்டும் பிழை, பெரும்பாலும் நிரலுக்குக் கீழே எங்கோ பிறந்ததாக இருக்கும்.

ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29 அன்று விற்பனைக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதிய பழக்கமே இல்லையே என்ற கவலையில் எபன் அப்டனும் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. அன்று விலை 35 டாலர். பத்தாயிரம் அளவில்தான் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். இன்று எண்ணிக்கை 6 கோடியைத் தாண்டிவிட்டது. அதற்கு முன்பே நம் பக்கத்தில் பெங்களூரில், இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்பியூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். அதுவும் லினக்ஸில் ஓடியதுதான். 2004-ல் கடைக்கு வந்தது, ஆனால் எடுபடவில்லை. காரணம் பல சொல்வார்கள். என் கணிப்பு இது: சிம்பியூட்டரை வாங்கிப் பயன்படுத்தலாம், பிரித்து மேய முடியாது. பை பலகைக்கோ பிரிப்பதற்கு மூடியே கிடையாது.

35 டாலருக்கு ஒரு முழுக் கணினி எப்படிச் சாத்தியமாயிற்று? எதையெல்லாம் விட்டுவிட்டார்கள் என்று பார்த்தால் புரியும். மின்வழங்கி இல்லை. ஹார்டு டிஸ்க் இல்லை. கடிகாரம் இல்லை. உறை இல்லை. விடுபட்ட ஒவ்வொன்றும் பின்னாளில் ஒரு கோளாறாகத் திரும்பி வரும். சமவெளியில் நின்று நிதானித்து வரும். மலையில் சீக்கிரமே வந்துவிடும்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்வோம். சோலூருக்கு அருகில்தான் கிளன்மார்கன். அங்கிருந்து சிங்காராவுக்கு ராட்சதக் குழாய்களில் இறங்கும் தண்ணீரில் மின்சாரம் எடுக்கிறார்கள். பைக்காரா திட்டத்துக்கு வயது 90-ஐத் தாண்டியாயிற்று. ஆனாலும் தென்மேற்குப் பருவக்காற்றில் மரம் சாய்ந்தால் பக்கத்து ஊரில் கரன்ட் போகத்தான் செய்யும். போவதைவிட, போய்ப் போய் வருவதுதான் பலகைக்கு வினை.

கரன்ட் ஒழுங்காக இருக்கும்போதும் தொல்லை உண்டு. பை பலகைக்குத் தேவை 5 வோல்ட். செல்போனோடு வந்த பழைய சார்ஜர் 5 வோல்ட் தருகிறதே, போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். மலிவான யு.எஸ்.பி. கேபிளுக்குள் இருக்கும் முடி போன்ற செம்புக் கம்பியின் தடை, ஒரு மீட்டர் நீளத்துக்குப் போக வர சுமார் 0.4 ஓம். பலகை ஒரு ஆம்பியர் இழுத்தால் கேபிளிலேயே 0.4 வோல்ட் தொலைந்துபோகும். பலகைக்குப் போய்ச் சேருவது 4.6. மின்னழுத்தம் 4.63-க்குக் கீழே போனால் போதவில்லை என்று எச்சரிக்கும்படிதான் பலகையை அமைத்திருக்கிறார்கள். திரை இருந்தால் மூலையில் ஒரு சின்ன மின்னல் குறி தெரியும். திரை இல்லாமல் பரணில் கிடக்கும் பலகையிடம் ஒரு கட்டளையில் கேட்டால் 50005 போல ஓர் எண்ணைத் தரும். வலப்பக்கத்து 5, இப்போது மின்னழுத்தம் போதவில்லை, அதனால் வேகத்தையும் குறைத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். இடப்பக்கத்து 5, பலகையை ஆன் செய்ததற்குப் பிறகு எப்போதோ இதே நடந்தது என்பதற்கு. நடுராத்திரியில் நடந்ததைக் காலையில் விசாரிக்க இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இதைக் கேட்காமலே நிரலை மாற்றி மாற்றி எழுதி வாரக்கணக்கில் திண்டாடுகிறவர்கள் ஏராளம்.

அடாப்டரில் இன்னொன்றையும் மலைவாசிகள் கவனிக்கலாம். சீனத் தயாரிப்புகள் சிலவற்றில் ஒரு மலையின் படமும், கூடவே 2000 மீட்டர் என்ற எழுத்தும் இருக்கும். கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரைதான் பாதுகாப்புக்கு உறுதி என்று பொருள். காற்று மெலிந்தால் அதன் மின்காப்புத் திறனும் குறையும். உயர் மின்னழுத்தப் பகுதிக்கும் தாழ்வான பகுதிக்கும் நடுவே அதிக இடைவெளி விட வேண்டியிருக்கும். உதகையின் உயரம் சுமார் 2,240 மீட்டர். அந்தப் படத்தை இங்கே அலட்சியப்படுத்தக் கூடாது.

ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் மெமரி கார்டு. இந்தப் பொழுதுபோக்கில் அதிகம் சாபம் வாங்கும் உறுப்பு அதுவாகத்தான் இருக்கும். அதற்குள் ஒரு வரியைத் திருத்த வேண்டுமானாலும் பெரிய துண்டு ஒன்றை மொத்தமாக அழித்து எழுத வேண்டும். எது எங்கே இருக்கிறது என்ற அட்டவணையையும் கார்டே தனக்குள் திருத்திக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனால், நீங்கள் தொடாத கோப்புகூடச் சேர்ந்து பாழாகலாம். நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் கார்டில் எழுதும் நிரல், நாள் ஒன்றுக்கு 1,440 முறை இந்த ஆபத்தை வலியப்போய் அழைக்கிறது. அளவுகளை ராமில் சேர்த்துவைத்து மணிக்கு ஒரு முறை எழுதினால் 24 முறைதான். லினக்ஸின் மையமான கர்னல் உள்ளிட்ட மற்ற எல்லாவற்றையும் படிக்க மட்டும் என்று பூட்டிவைக்கும் வசதி ராஸ்பெரி பையின் அமைப்புப் பட்டியலிலேயே இருக்கிறது. பயன்படுத்துவோர்தான் குறைவு.

கடிகார விஷயம் இன்னும் தந்திரமானது, ஏனென்றால் கோளாறு கண்ணுக்கே தெரியாது. பை 4 வரைக்கும் பலகையில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. இணையத்தைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். இரவு 11 மணிக்குக் கரன்ட் போய் 3 மணிக்கு வந்து, மலைச்சரிவில் நெட்வொர்க் மட்டும் வரவில்லை என்றால், பலகை 11 மணி என்றே எண்ணிக்கொண்டு வேலையைத் தொடங்கும். விடியற்காலைக் குளிர் முந்தின நாள் இரவுக் கணக்கில் ஏறும். உறைபனி எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று அறியத்தானே கருவியை வைத்தோம்! டி.எஸ்.3231 என்ற சிறு கடிகாரத் துண்டைச் செருகினால் தீர்ந்தது. குளிரில் மற்ற கடிகாரப் படிகங்கள் மெதுவாக ஓடும். இதுவோ வெப்பநிலையைத் தானே அளந்து சரிசெய்துகொள்ளும். பை 5-ல் கடிகாரத்தைச் சேர்த்துவிட்டார்கள், அதற்கான பேட்டரியை மட்டும் தனியாக வாங்க வேண்டும்.

விடுபட்டவற்றில் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றும் உண்டு. மேசைக் கணினிக்குள் என்னென்ன பாகங்கள் இருக்கின்றன என்று லினக்ஸ் விசாரித்தால், கணினியே பதில் சொல்லிவிடும். இந்தச் சிறு பலகைகளின் சிப்புக்கு அந்த வழக்கம் இல்லை. எந்த முகவரியில் எந்த உறுப்பு, எந்தக் காலில் எந்த விளக்கு என்று ஒரு வரைபடத்தைத் தனியாக எழுதிக் கர்னல் கையில் கொடுக்க வேண்டும். டிவைஸ் ட்ரீ என்பது அந்த வரைபடம். ஒரு காலத்தில் ஒவ்வொரு பலகைக்கும் தனித்தனி நிரலைக் கர்னலுக்குள்ளேயே திணித்துவந்தார்கள். 2011-ல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமையிழந்து சத்தம் போட்ட பிறகுதான் இந்த ஒழுங்கு வேகம் பிடித்தது. ஆரஞ்சு பை என்ற வேறொரு பலகைக்கான கார்டை வாழைப்பழப் பெயர் கொண்ட இன்னொரு பலகையில் செருகினால் கண் திறக்காததும், ஒரே சிப் இருந்தும் வைஃபை மட்டும் வேலை செய்யாததும் பெரும்பாலும் வரைபடம் மாறிப்போனதால்தான். மலிவாக இருக்கிறதே என்று புதுப் பலகை வாங்குமுன், அதன் வரைபடம் கர்னலின் பொதுக் களஞ்சியத்தில் சேர்ந்துவிட்டதா, அல்லது தயாரிப்பாளர் வெளியிட்டு மறந்த பழைய கர்னலில் மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

இனி மலைக்கு வருவோம். மலையின் குணமறிந்து கருவி அமைப்பது நீலகிரிக்குப் புதிதல்ல. முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கியைக் கோவிந்த் ஸ்வரூப் குழுவினர் 1970-ல் நிறுவியபோது, அந்த ஊரின் அட்சரேகை அளவான ஏறத்தாழ 11 டிகிரி சாய்வுள்ள சரிவைத் தேடிப்பிடித்து அதன்மேல் வைத்தார்கள். தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. சோலூர்க்காரர் வைக்கும் கருவிக்கும் இதே யோசனை வேண்டும்.

காற்றழுத்தம் அளக்கும் உணரியைப் பொருத்தியவுடன் 780-ஐ ஒட்டி ஓர் எண் வரும். வானிலை அறிக்கையிலோ ஆயிரத்துச் சொச்சம். உணரி பழுது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள். உணரி சொல்வது சரி. அந்த உயரத்தில் தலைக்குமேல் அவ்வளவு காற்றுதான் மிச்சம் இருக்கிறது. அறிக்கையில் வருவது கடல் மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண்.

இன்னொரு கோளாறு பூச்சியத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. டி.எஸ்.18.பி.20 தரும் பதினாறு பிட் எண்ணில் குறைக்குறி தனியாக இருக்காது. மைனஸ் அரை டிகிரியை அது 65,528 என்றுதான் தரும். லினக்ஸின் டிரைவருக்கு இது தெரியும். தானே நிரல் எழுதுகிறவர் கவனிக்காமல் 16-ஆல் வகுத்தால் கிடைப்பது 4095.5 டிகிரி. இந்தக் குறை சென்னையில் எழுதிச் சோதித்த நிரலில் நூறு வருடம் ஆனாலும் வெளிப்படாது. சோலூரில் ஒரே இரவு போதும்.

எண் சரியாக வந்தாலும் இடம் தவறாக இருக்கலாம். மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இறைத்துவிட்டு முதலில் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று உறைநிலைக்கு இறங்கும்போது, நாலடி உயரத்தில் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் போய்த் தேங்கும். ஆள் உயரத்தில் தொங்கும் உணரி 3 டிகிரி காட்டும்போதே கீழே உருளைக்கிழங்குச் செடி கருகியிருக்கலாம். தோட்டக்காரருக்கு வேண்டியது இலை மட்டத்துக் குளிர். அதற்கு இரண்டாவது உணரி ஒன்றைத் தாழ்வாக, பள்ளத்தில் வைக்க வேண்டும்.

வயரை நீட்டும்போது வானத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். உதகையில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்குமேல் நகர்ந்த ஓர் இடிமேகத்தை மியூவான் துகள்களின் வரத்தைக் கொண்டு அளந்தது. அந்த மேகத்தின் மின்னழுத்தம் சுமார் 130 கோடி வோல்ட் என்று 2019-ல் அறிவித்தார்கள். பை பலகையின் கால்கள் தாங்குவது 3.3 வோல்ட், 5 கொடுத்தாலே செத்துவிடும். இடி நேரே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தால் நீண்ட வயரில் தூண்டப்படும் மின்சாரமே பலகையை முடித்துவிடும். வயரைக் குட்டையாக வைத்து, மீதித் தூரத்தை வயர்லெஸ்ஸில் கடப்பதுதான் புத்திசாலித்தனம்.

எல்லாம் செய்தும் பலகை பேச மறுத்தால்? பச்சை விளக்கைப் பாருங்கள். நாலு முறை மின்னினால் தொடக்க நிரல் கோப்பையும், ஏழு முறை மின்னினால் கர்னல் கோப்பையும் காணவில்லை என்று பொருள். அதற்கும் மேலே தெரிய வேண்டுமானால் சீரியல் வழி. மூன்றே வயர், 3.3 வோல்ட் மாற்றி ஒன்று. பலகை கண் விழிக்கும்போது வரிவரியாகத் தன் கதையைச் சொல்லும். கடைசியாக எந்த வரியில் நின்றதோ அங்கேதான் கோளாறு. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப்பில் 2018-ல் லினக்ஸ் ஓடியது செய்தியாயிற்று. புதுச் சிப்பை எழுப்புகிற பொறியாளர்களும் பெரும்பாலும் இதே வரிகளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, நன்றாக ஓடும் கார்டு ஒன்றை மாற்றிப் பார்க்கக் கைவசம் வைத்திருப்பது. முறை இவ்வளவுதான். இதை விடாமல் கடைப்பிடித்தால் நம்ப முடியாத காரணங்களும் பிடிபடும். 2015 பிப்ரவரியில் பை 2 வெளிவந்த சில நாட்களில், கேமரா ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்தால் பலகை அணைந்துவிடுகிறது என்று ஒருவர் கண்டுபிடித்தார். செனான் விளக்கின் ஒளி, உறை போடாத சிறு மின்சிப் ஒன்றின் சிலிக்கான்மேல் பட்டு, ஒளிமின் விளைவால் அதைத் தடுமாறச் செய்திருந்தது. அந்தச் சிப்பைக் கொஞ்சம் களிமண் போன்ற பசையால் மூடியதும் சரியாகிவிட்டது.

நீலகிரியில் இப்படி ஒரு கருவி வைக்க நினைப்பவர்கள் நவம்பருக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். உறைபனிக் காலம் பிப்ரவரி வரைதான். தடித்த கேபிளோடு நல்ல அடாப்டர், கடிகாரத் துண்டு, இரண்டாவது கார்டு ஆகியவற்றுக்கு முதலில் செலவழியுங்கள். வரும் கோளாறுகளைத் தேதி போட்டு நோட்டில் எழுதி வையுங்கள், பிறகு தமிழில் வெளியிடுங்கள். கணியம் மின்னிதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் வெளியிட்டுவருகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இருக்கின்றன. அவர்கள் எல்லாரும் சமவெளிக்காரர்கள். 4095 டிகிரியைப் பற்றி மலையில் இருப்பவர்கள்தான் எழுத வேண்டும்.