எண்ணில்லாத வரைபடம்

பிரிட்டனில் ரெடிங் பல்கலைக்கழகத்தின் பருவநிலை அறிவியலாளர் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் ஒரு படத்தை வெளியிட்டார். அதில் இருந்தவை செங்குத்தான வண்ணக் கோடுகள் மட்டுமே. ஒரு கோடு ஓர் ஆண்டு. 1971 முதல் 2000 வரையிலான சராசரியைவிட அந்த ஆண்டு குளிர்ந்திருந்தால் நீலம், சூடேறியிருந்தால் சிவப்பு. வித்தியாசம் கூடக் கூட நிறம் அடர்ந்துகொண்டே போகும். அளவுகோல் இல்லை, ஆண்டுகள் இல்லை, ஒரு எழுத்துகூட இல்லை. இடப்பக்கம் 19-ஆம் நூற்றாண்டின் நீலம், வலப்பக்கம் நம் காலத்தின் அடர்சிவப்பு. 2019 செப்டம்பரில் 'தி எகானமிஸ்ட்' அட்டையில் இது வந்தது; பிறகு ரெடிங் கால்பந்து அணியின் சட்டைக் கைகளிலும் ஏறியது. ஐ.நா.வின் பருவநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் தடித்த அறிக்கைகளைப் புரட்டியிராதவர்களிடமும் இந்தக் கோடுகள் போய்ச் சேர்ந்தன. அவசரத்தை உணர்த்த உருகும் பனிப்பாறையும் எரியும் பூமியும்தான் வேண்டும் என்று நினைக்கிற வடிவமைப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இங்கே வேலை செய்வது சேர்த்தது அல்ல, நீக்கியது.

நீக்கியதால் என்ன நடக்கிறது? புவியின் சராசரி வெப்பம் ஒன்றரை நூற்றாண்டில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல்தான் ஏறியிருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் இடையே பத்து டிகிரி மாறுவதைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த எண் எதையும் உணர்த்துவதில்லை. கோட்டு வரைபடமாகப் போட்டால் கண் மேடு பள்ளங்களில் சிக்கிக்கொள்ளும். 1998-இன் உச்சத்துக்குப் பிறகு வந்த சில ஆண்டுகளை மட்டும் வெட்டிக் காட்டி, 'வெப்பமாதல் நின்றுவிட்டது' என்று வாதிட முடிந்தது அதனால்தான். வண்ணக் கோடுகளில் ஓர் ஆண்டு மற்ற ஆண்டுகளுக்கு நடுவிலேயே நிற்கிறது. தனியே பிரித்து வம்பு பேச வழியில்லை.

அப்படியானால் இது பார்ப்பவரை ஏமாற்றுவதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், படத்தின் நடுப்பகுதியை உற்றுப் பாருங்கள். 1940-களில் வெளுத்த நிறம், அடுத்த முப்பது ஆண்டுகளில் மீண்டும் நீலமாகிறது. வெப்பமாதல் தடைப்பட்ட அந்தக் காலத்துக்குத் தொழிற்சாலைப் புகையின் கந்தகத் துகள்கள் ஒரு முக்கியக் காரணம். வாதத்துக்கு வசதியில்லாத அந்தப் பகுதியையும் படம் மறைக்கவில்லை. சராசரிக்கான ஆண்டுகளை மாற்றினால் நீலமும் சிவப்பும் சந்திக்கும் இடம் நகரும். இடமிருந்து வலமாக ஏறும் போக்கு மாறாது. உண்மையில், வானவில் நிறங்களைக் கொட்டும் வரைபடங்கள்தான் ஆபத்தானவை. தரவில் இல்லாத எல்லைகளை அவற்றின் மஞ்சள் பட்டை உண்டாக்கிவிடும்; நிறக்குருடு உள்ளவர்களில் பலரால் அவற்றின் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியவும் முடியாது. நீலம்–சிவப்பில் அந்தச் சிக்கல் மிகக் குறைவு.

இன்னொரு ஆட்சேபம் கனமானது: இந்தப் படம் நடந்ததைத்தான் சொல்கிறது, வரப்போவதைச் சொல்வதில்லை. ஏன் என்றும் சொல்வதில்லை, என்ன செய்யலாம் என்றும் சொல்வதில்லை. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அந்த வேலைக்கு வேறு படம் இருக்கிறது. 2001-இல் ஐ.பி.சி.சி. வெளியிட்ட 'எரியும் தணல்' படம், வெப்பம் ஏற ஏற ஆபத்து வெள்ளையிலிருந்து மஞ்சளாகி, சிவப்பாவதைத் தூண்களாகக் காட்டியது. 2007 அறிக்கையில் அது இடம்பெறவில்லை; புதுப்பித்த வடிவம் 2009-இல் ஓர் ஆய்விதழில் தனியாக வந்தபோது, முன்பு கணித்ததைவிடக் குறைந்த வெப்பத்திலேயே சிவப்பு தொடங்கியிருந்தது. 2014 அறிக்கை சிவப்புக்கு மேல் ஊதாவையும் சேர்த்தது. இந்த நிறங்கள் வெப்பமானியின் அளவீடுகள் அல்ல, நிபுணர்களின் மதிப்பீடு. அதனால் இங்கே எண்ணையும் விளக்கத்தையும் நீக்க முடியாது. அளவீட்டைச் சுருக்கலாம்; மதிப்பீட்டை அப்படிச் சுருக்கினால் அது பிரச்சாரமாகிவிடும்.

வண்ணக் கோடுகளிலும் ஒரு பொறி உண்டு. நாடு, நகரம் என்று தனித்தனியே கிடைக்கும் படங்களில் ஒவ்வோர் ஊருக்கும் நிற அளவு வேறு. ஓர் ஊரின் அடர்சிவப்பும் இன்னோர் ஊரின் அடர்சிவப்பும் ஒரே டிகிரி அல்ல. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது தவறு. இதழ்களிலும் பள்ளிச் சுவர்களிலும் இவற்றைப் போடுகிறவர்கள் படத்தில் எழுத்தே வேண்டாம் என்று விடலாம். அதன் கீழே மட்டும் எந்த இடம், எந்த ஆண்டுகள், எந்தச் சராசரி, தரவு யாருடையது என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.