மருந்து எழுதாத வைத்தியரும் மூச்சிழுக்கும் குழந்தையும்

மெல்பேர்ணிலும் சிட்னியிலும் குளிர் தொடங்கியதும் எம்மவர் வீடுகளில் கைக்குழந்தைகளின் தடிமனும் இருமலும் தொடங்கிவிடுகின்றன. "வைத்தியரிடம் கொண்டுபோனோம், ஒரு பாணி மருந்துகூட எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்" என்ற மனக்குறையை நாம் அடிக்கடி கேட்கின்றோம். அகதிகள் என்பதால் அலட்சியம் செய்தாரோ என ஐயுறுவோரும் உளர்.

அவ்வாறன்று. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குளிர்காலத்தில் வரும் இழுப்பு பெரும்பாலும் நுரையீரலின் சிறு குழாய்கள் வீங்கிச் சளி அடைப்பதனால் உண்டாவது. அதற்கு முதன்மைக் காரணம் ஆர்.எஸ்.வி. என்னும் வைரசு. 1956 இல் அமெரிக்காவில் தடிமன் கண்ட சிம்பன்சிக் குரங்குகளிடம் அறியப்பட்ட இவ்வைரசு, சிறிது காலத்திலேயே குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. இரண்டு வயதுக்குள் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் அது ஒருமுறையேனும் தொற்றிவிடும். அன்ரிபயோற்றிக் மருந்து பக்ரீரியாவைக் கொல்லும். வைரசை ஒன்றும் செய்யாது. இந்நோய்க்கு அதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்றே அவுஸ்திரேலிய, நியூசிலாந்து மருத்துவர்களின் 2016 ஆம் ஆண்டு வழிகாட்டியும் கூறுகின்றது. ஆகவே மருந்து எழுதாதவர் தம் கடமையைச் சரிவரச் செய்தவரே.

வீட்டில் செய்யத்தக்கது பாலைச் சிறிது சிறிதாக, அடிக்கடி ஊட்டுவதே. மூக்கடைப்புக்கு உப்புநீர்த் துளிகள் உதவும். அம்மம்மாமார் எம்மைக் கோபிக்கலாம். ஆயினும் கற்பூர எண்ணெயும் விக்சும் கைக்குழந்தைக்கு ஆகா. கற்பூரம் குழந்தைக்கு நஞ்சு. ஒரு வயதுக்குமுன் தேனும் கூடாது. வீட்டில் எவரும் புகைக்கலாகாது.

இரண்டாம், மூன்றாம் நாட்களில் நோய் கடுமையாகும். வழமையான பாலில் அரைவாசியும் குடியாதிருத்தல், மூச்சு விடுகையில் விலா எலும்புகளுக்கிடையே தசை உள்ளிழுத்தல், நப்பி நெடுநேரம் நனையாதிருத்தல் ஆகியவற்றைக் கண்டால் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். உதடு நீலம் பாய்ந்தாலோ மூச்சு இடையிடையே நின்றாலோ 000 ஐ அழையுங்கள். ஆங்கிலம் வராதென்று விடியும்வரை காத்திருத்தல் வேண்டாம். முதலில் "அம்புலன்ஸ்" என்று சொல்லி, பின்னர் "தமிழ்" என்று கூறி இணைப்பிலேயே இருங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். வைத்தியரிடம் பேசவேண்டின் 131 450 என்ற இலக்கத்திலும் மொழிபெயர்ப்பாளரைப் பெறலாம்.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு செய்தி. 2025 பெப்ரவரி 3 முதல், 28 முதல் 36 வாரக் கர்ப்பத்தில் ஏற்றும் ஆர்.எஸ்.வி. தடுப்பூசி தேசிய தடுப்பூசித் திட்டத்தின்கீழ் இலவசமாகக் கிடைக்கின்றது. தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்புச்சக்தி கருவிலேயே பிள்ளைக்குச் சேர்ந்து, பிறந்தபின் ஆபத்து மிகுந்த முதல் மாதங்களில் அதனைக் காக்கும். மெடிக்கெயார் அட்டை இன்னும் கிடைக்காதோர் தம் தாதியிடம் இதுபற்றி இப்போதே கேட்டறிக.