நாளைக்குப் பார்த்துக்கலாம் – 9: செடிக்கும் உண்டு சும்மா இருக்கும் காலம்

தள்ளிப்போடுவது சோம்பேறித்தனம் அல்ல, வேலையை நினைத்ததும் வயிற்றில் கிளம்பும் கலக்கத்திலிருந்து தப்பி ஓடுவது என்று போன வாரம் பார்த்தோம். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். அந்தக் கலக்கத்தைத் தணிக்கும் பயிற்சிகளை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்குள் மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்ம் வந்து தேயிலைச் செடியிடம் மாட்டிக்கொண்டேன்.

சந்தையில் சோளமும் ஸ்ட்ராபெரியும் வாங்கும் கூட்டத்தைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைப் பாருங்கள். தூரத்தில் எல்லாம் ஒரே பச்சை. கிட்டே போனால்தான் சங்கதி தெரியும். தேயிலைக் கிளை ஓயாமல் துளிர்ப்பதில்லை. சில இலைகள் விட்டதும் நுனிமொட்டு சிறுத்து, அப்படியே நின்றுவிடும். மழை பெய்திருக்கும், உரமும் போட்டிருப்பார்கள், அது அசையாது. அதே செடியில் பக்கத்துக் கிளை மும்முரமாகக் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கும்! இது நோயல்ல, செடியின் சுபாவம். சில வாரங்கள் போனால் தானே மறுபடி துளிர்க்கும். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை.

இப்போது கொழுந்து வெட்டுவது பெரும்பாலும் இயந்திரம். பிடித்து நடப்பவர்களில் பலர் வங்காளதேசத்துக்காரர்கள். கையால் கிள்ளிய காலத்துப் பாட்டி ஒருவரிடம், அப்படி நின்றுபோன மொட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஒடிச்சுப் போட்டுட்டு அடுத்த செடிக்குப் போயிடுவோம் தம்பி. கீழேயிருந்து புதுசு வரும். அதுகிட்டக் கோவிச்சுக்கிட்டு நின்னா கூடை எப்ப நெறையறது?"

கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வோல், பிச்சில், பென்னட் மூவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு கிட்டத்தட்ட இதையே சொல்கிறது. முதலாண்டு மாணவர்கள் 119 பேர். முதல் தேர்வுக்குப் படிக்காமல் நாளைக் கடத்தியவர்களில், அதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். தன்னையே திட்டிக்கொண்டிருந்தால் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் திட்டும் சேர்ந்தே ஞாபகம் வரும். புத்தகத்தைத் திறக்கவே பிடிக்காது. நம் வீடுகளில் பிள்ளையைத் திட்டினால்தான் உருப்படும் என்று நம்புகிறோம். வளர்ந்தபின் அந்த வேலையை நாமே எடுத்துக்கொள்கிறோம். 'செய்யவில்லை, நான்தான் செய்யவில்லை' என்று ஒப்புக்கொண்டு மேலே போவதற்குப் பெயர் மன்னிப்பு. 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று மழுப்புவது வேறு கணக்கு.

தாமதம் என்றதும் இன்னொன்று. நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதிவைத்தது 1885இல். இங்கே மலைநகரம் அமைக்கலாம் என்று பிரிட்டிஷ் அரசாங்க அதிகாரி ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்தது 1925இல். நடுவில் நாற்பது வருஷம்! கேமரன் இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறிக்கவில்லை என்பார்கள். அப்புறம் பார்த்தால் 1929லேயே ரசல் என்பவர் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிவிட்டார். நாற்பது வருஷம் போயிற்றே என்று யாரும் தலையில் கைவைத்து உட்காரவில்லை. அரசாங்கங்களுக்குக் குற்ற உணர்ச்சி கிடையாது என்பது இந்த ஒரு விஷயத்தில் நல்லதாகப் போயிற்று.

பயிற்சிகள்? ஆசிரியர் ஒதுக்கிய இடம் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் அதிலிருந்துதான் தொடங்குவேன், கேமரன் மறுபடி குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)