நடத்தைப் பயிற்சி அளிப்போருக்கு லைசென்ஸ் ஏன்?

பேச்சு வராமலும் பிறரோடு கலந்து பழகாமலும் இருக்கும் குழந்தைகள் நம் கிராமங்களில் சில வீடுகளில் உண்டு. ஆட்டிசம் எனப்படும் இந்நிலை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம் பெற்றுள்ளது. இக்குழந்தைகளுக்குப் பல் துலக்குதல், தாமே உண்ணுதல், வேண்டியதைக் கேட்டல் முதலியவற்றைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் வெகுமதி அளித்துப் பழக்குபவரே நடத்தைப் பகுப்பாய்வாளர்.

வெகுமதி கொடுப்பதற்கு லைசென்ஸ் எதற்கு என்று பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்கக்கூடும். பழக்கும் முறைகளில் தண்டனைக்கும் இடம் இருந்தது. பேச்சு வராத குழந்தையோ அறைக்குள் நேர்ந்ததை வெளியே வந்து சொல்ல இயலாது.

அமெரிக்காவின் பிளாரிடா மாநிலத்தில், மியாமி நகரிலிருந்த சன்லாண்டு என்னும் அரசு இல்லத்தில் 1972-ஆம் ஆண்டு நடந்த விசாரணை இதனை வெளிப்படுத்திற்று. அங்கிருந்த மனவளர்ச்சி குன்றியோரை மரப்பலகையால் அடித்தனர். சோப்பினால் வாயைக் கழுவினர். அளவுமீறிக் கட்டி வைத்தனர். இவை யாவும் சிகிச்சை என்னும் பெயரால் நடந்தன. அதன்பின் அம்மாநிலத்தில் விதிமுறைகள் வகுக்கப்பட்டன. பின்னர்ப் பரீட்சை வைத்துச் சான்றிதழும் வழங்கலாயினர். 1998-இல் சான்றளிப்பதற்கெனத் தனி வாரியம் ஒன்று தோன்றியது.

இன்று 30-க்கு மேற்பட்ட அமெரிக்க மாநிலங்கள் சட்டப்படி லைசென்ஸ் அளிக்கின்றன. பொதுவாக முதுகலைப் பட்டம், மேற்பார்வையின் கீழ்ச் செய்த பணி, பரீட்சையில் தேர்ச்சி ஆகிய மூன்றும் வேண்டும். முறைகேடு மெய்ப்பிக்கப்பட்டால் லைசென்ஸ் பறிபோகும். ஆயினும் குழந்தையோடு நாள்தோறும் இருப்பவர் பெரும்பாலும் 40 மணி நேரம் பயின்ற உதவியாளரே. அவர் பணி நேரத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கேனும் மேற்பார்வை வேண்டுமென்பது வாரிய விதி. இது மிகக் குறைவு என்பதே என் கருத்து.

அவ்வாரியம் 2023 ஜனவரி முதல் இந்தியாவில் வசிப்போரின் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. நமது நாட்டில் 2021-இல் இயற்றப்பட்ட துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், நடத்தைப் பகுப்பாய்வாளரைப் பெயர் குறித்தே தன் அட்டவணையில் சேர்த்துள்ளது. மாநிலந்தோறும் கவுன்சில் அமைத்துப் பதிவேடு வைக்கவும் அது வகை செய்கிறது. சிறப்பு ஆசிரியர், மருத்துவ உளவியலார் ஆகியோருக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேடு உண்டு.

குழந்தையைச் சேர்க்குமுன், பயிற்சி தருபவர் எதில் பதிவு பெற்றவர், உதவியாளரை மேற்பார்ப்பவர் யார், பயிற்சி நடக்கும்போது பெற்றோர் உடனிருக்கலாமா என்பவற்றைக் கேட்டறிதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோராயின், பஞ்சாயத்து அங்கத்தினர் ஒருவர் உடன் செல்லலாம்.