மாலத்தீவு: கடல் தந்த வாழ்வு

இந்தியப் பெருங்கடலில் ஏறத்தாழ 1,200 பவளத்தீவுகளின் கூட்டமாக விளங்குவது மாலத்தீவு. அவற்றுள் மக்கள் வாழ்பவை ஏறத்தாழ 200 மட்டுமே. சூரை மீன்பிடிப்பும் மாசிக் கருவாட்டு வணிகமும் நெடுங்காலம் அந்நாட்டின் முதன்மையான வாழ்வாதாரங்களாக இருந்தன.

1972ஆம் ஆண்டு, தலைநகர் மாலேக்கு அருகிலுள்ள தீவொன்றில் ‘குரும்பா’ என்னும் முதல் சுற்றுலா விடுதி திறக்கப்பட்டது. தொடர்ந்து, ‘ஒரு தீவில் ஒரு விடுதி’ என்னும் முறை பரவியது. நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 இலட்சம். 2024இல் வருகை புரிந்த பயணிகளோ 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர். அந்நியச் செலாவணியின் பெரும்பகுதியை இத்தொழிலே ஈட்டித் தருகிறது.

எனினும், தனித்தீவு விடுதிகளின் வருவாய் உள்ளூர் மக்களை முழுமையாகச் சென்றடையவில்லை. பின்னர், மக்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் இல்லங்கள் அனுமதிக்கப்பட்டன. அதனால் படகோட்டிகளும் சிறுவணிகர்களும் நேரடிப் பயன் பெற்றனர்.

ஒரே தொழிலைச் சார்ந்திருப்பதன் இடரை 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்று உணர்த்தியது. எல்லைகள் மூடப்பட்ட மாதங்களில் சுற்றுலா வருவாய் அற்றுப்போயிற்று. அதனினும் பெரிய இடர் கடலிலிருந்தே எழுகிறது. நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தைக்கூட எட்டவில்லை. கடல்நீர் வெப்பமடைவதால் பவளங்களும் வெளிறுகின்றன. பயணிகளை ஈர்க்கும் பவளப்பாறைகளே அலைகளினின்று தீவுகளைக் காக்கும் அரண்களாகும். ஆகவே, அவற்றைப் பேணுவது இயற்கையைக் காப்பது மட்டுமன்று. நாட்டின் பொருளாதாரத்தைக் காப்பதுமாகும்.