தகட்டுக்குக் கீழே

சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர் அஞ்சலட்டை போட்டிருக்கிறார். கமுதிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் சோலார் தகடுகளைப் பார்க்கிறாராம். "மேலே இருப்பது கண்ணாடி, அது துருப்பிடிக்காது. கீழே நிற்பதெல்லாம் இரும்பு. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியே மூன்று வருஷத்தில் உளுத்துப்போனது. இது மட்டும் எப்படி 25 வருஷம் நிற்கும் என்கிறார்கள்?"

வெயில் எப்படி மின்சாரமாகிறது என்பதைப் பாடப் புத்தகம் தொடங்கி எல்லோரும் எழுதியாயிற்று. அந்தத் தகடுகளைத் தூக்கிப் பிடிக்கும் கால்களைப் பற்றித்தான் ஒருவரும் பேசக் காணோம். எனக்கோ தகட்டைவிடக் கால்கள் மேல்தான் ஆசை.

கமுதிப் பண்ணை 2016-ல் தொடங்கியபோது 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் தகடுகள். அவற்றை நிறுத்தி வைக்க ஏறத்தாழ 30,000 டன் நாகமுலாம், அதாவது துத்தநாகம் பூசிய எஃகு செலவானதாக அப்போது அறிவித்தார்கள். தகடு ஒன்றுக்கு 12 கிலோ எஃகு என்று வருகிறது.

அத்தனை எஃகு எதற்கு? தகட்டைச் சுமக்க என்று நினைத்தால் தப்பு. தகடு சதுர மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ கனம்தான். கணக்குப் போட வைப்பது காற்று. சென்னையில் எதைக் கட்டினாலும் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வேகக் காற்றை அடிப்படையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்தியத் தர நிர்ணயம். அந்தக் காற்று நேராக மோதினால் ஒரு சதுர மீட்டரில் 150 கிலோ அழுத்தம். சாய்ந்து நிற்கும் தகட்டுக்கு அடியில் அது புகுந்தால் மேல்நோக்கி இழுக்கும். அதனால் தூண் மண்ணுக்குள் இறங்கிவிடுமோ என்ற பயத்தைவிட, பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிது. வேலை தொடங்கும் முன்பே மாதிரிக்குச் சில தூண்களை அடித்து இறக்கி, எவ்வளவு இழுத்தால் அசைகிறது என்று சோதிப்பார்கள். கரிசல் மண்ணென்றால் இன்னொரு தொல்லை: மழையில் உப்பி, தூணைத் தானே மேலே தூக்கும், கோடையில் வெடித்து விட்டுவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் நம் பக்கத்தில் தகட்டை அதிகம் சாய்க்க வேண்டியதில்லை. காற்றைப் பொறுத்தவரை அது நமக்கு வாய்த்த சலுகை.

இனி வாசகர் கேட்ட துரு.

வெட்டி, வளைத்து, துளை போட்டு முடித்த தூண்களும், தகடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களும் முலாம் பட்டறைக்குப் போகின்றன. முதலில் காரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு போகும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறிப் பழைய துரு கழலும். அதன்பின் ஓர் உப்புக் கரைசல். கடைசியில், ஏறக்குறைய 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத் தொட்டிக்குள் முக்கி எடுப்பார்கள். இரு முனையும் அடைத்த குழாயை மட்டும் அப்படி முக்கக் கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் நீராவியாகிக் குழாயையே வெடிக்க வைக்கும். நாகமுலாம் பூசிய குழாய்க் கட்டுமானங்களில், காரணம் தெரியாமல் இருக்கிறதே என்று நாம் பார்க்கும் சிறு துளைகள் பல, காற்றும் துத்தநாகமும் போய்வர விட்ட வழிகள்தாம்.

அந்தத் தொட்டியில் நடப்பது வெறும் பூச்சு அல்ல. இரும்பும் துத்தநாகமும் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவி, அடுக்கடுக்காக உலோகக் கலவை உருவாகிறது. நடு அடுக்குகளில் சில, அடியில் இருக்கும் எஃகைவிடக் கடினமானவை. லாரியில் ஏற்றி இறக்கும்போது முட்டி மோதினாலும் எளிதில் பெயராததற்கு அதுதான் காரணம். தடிமன் என்னவோ சாதாரணமாக 80 மைக்ரான்தான். சதுர மீட்டருக்கு அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான துத்தநாகம்.

பெயின்ட்டில் ஒரு கீறல் விழுந்தால் துரு அதன் வழியே நுழைந்து, பெயின்ட்டுக்கு அடியிலேயே பரவும். வாசகரின் ஜன்னல் கம்பிக்கு நேர்ந்தது அதுவாகத்தான் இருக்கும். துத்தநாகத்தில் கீறல் விழுந்தால் கதை வேறு. ஈரம் பட்டதும் பக்கத்துத் துத்தநாகம் தன் எலக்ட்ரான்களை இரும்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரைகிறது. அது தீரும்வரை, சில மில்லிமீட்டர் அகலத்துக்குள் இருக்கும் இரும்பைத் துரு தொடுவதில்லை. இந்தச் சூட்சுமத்தை 1824-லேயே ஹம்ப்ரி டேவி பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களில் முயன்றார். அடிப்பாகத்துத் தாமிரத் தகடுகளைக் காக்க, இரும்புத் துண்டுகளையும் துத்தநாகத் துண்டுகளையும் பதித்தார். தாமிரம் அரிக்காமல் பிழைத்தது. ஆனால் கரையாத தாமிரத்துக்குக் கடல்பிராணிகள் பயப்படவில்லை. சிப்பியும் பாசியும் அப்பிக்கொண்டு கப்பல்கள் வேகம் குறைந்ததுதான் மிச்சம். இரும்பை உருகிய துத்தநாகத்தில் முக்கும் முறைக்கு பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் சோரெல் காப்புரிமை வாங்கியது 1837-ல்.

இதைவிட எனக்குப் பிடித்தது துத்தநாகத்தின் இன்னொரு குணம். தன் கவசத்தை அது தொட்டியிலேயே முடித்துக்கொண்டு வருவதில்லை. வெளியே வந்தபின், மாதக்கணக்கில், காற்றிலிருந்து செய்துகொள்கிறது. புது முலாமின் பளபளப்பு உண்மையில் பிள்ளைப் பருவம். ஈரம் படும், ஹைட்ராக்சைடு ஆகும், காயும், காற்றிலுள்ள கரியமில வாயு சேர்ந்து கார்பனேட் ஆகும். நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து, பளபளப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும்போதுதான் அது தேறுகிறது. மங்கிவிட்டதே என்று மேற்பார்வையாளர்கள் முகம் சுளிப்பது, நன்றாகக் காய்ந்த நெல்லைப் பச்சையாக இல்லையே என்று திருப்பி அனுப்புவது போல.

காற்று கிடைக்காவிட்டால் விபரீதம். பட்டறையிலிருந்து வந்த பர்லின்களை ஒன்றன்மேல் ஒன்றாக இறுக்கி அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூடுகிறார்கள். இரவில் பனி இறங்குகிறது, இடுக்கில் ஈரம் நிற்கிறது, கரியமில வாயு உள்ளே வர வழியில்லை. துத்தநாகம் ஹைட்ராக்சைடாக மாறிக்கொண்டே போகிறது, அடுத்த படிக்குப் போக முடிவதில்லை. பிரித்துப் பார்த்தால் சுண்ணாம்பு கொட்டியது போல வெள்ளைத் துரு. பாதுகாக்கத்தான் மூடி வைத்தோம் என்பார்கள். நடுவே மரக்கட்டை கொடுத்து, தண்ணீர் வடியும்படி ஒரு பக்கம் சாய்த்து, காற்றோட்டமாக அடுக்கினால் போதும். செலவு என்று பார்த்தால் நாலு ரீப்பர் கட்டை.

நம் வழக்கத்தில் எனக்குள்ள மனக்குறை இதுதான். தகட்டுக்கு உத்தரவாதப் பத்திரம் உண்டு. இன்வெர்ட்டருக்குக் குளிரூட்டிய அறை உண்டு. கால் என்றால் டன்னுக்கு என்ன விலை என்பதோடு பேச்சு முடிகிறது. களத்தில் துளை பொருந்தவில்லை என்றால் கேஸ் கட்டரை எடுத்து ஊதிப் பெரிதாக்குவார்கள். அந்தச் சூட்டில் சுற்றிலும் முலாம் எரிந்துபோகும். பிறகு அதை மறைக்கச் சில்வர் பெயின்ட் ஒரு கை அடிப்பார்கள். அது அலுமினியப் பொடி, பார்வைக்கு மட்டும்தான் ஒத்துப்போகும். அந்த இடத்துக்கு வேண்டியது துத்தநாகத் தூள் நிறைந்த பெயின்ட். இடிதாங்கிக்கான தாமிரப் பட்டையை நேராகத் தூணில் இறுக்குவது இன்னொரு கொடுமை. தாமிரமும் ஈரமும் சேர்ந்தால் துத்தநாகம் படுவேகமாகக் கரையும். இவை ஒன்றும் ரகசியமல்ல. பட்டறை ஆட்களைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்வார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

சரி, 25 வருஷம் நிற்குமா? இடத்தைப் பொறுத்தது. உலகத் தரக் கணக்கில், நடுத்தரமான காற்றில் வருஷத்துக்கு 0.7 முதல் 2.1 மைக்ரான்வரை துத்தநாகம் தேயும். அப்படியானால் 80 மைக்ரான், மோசமான பக்கத்தில் நின்றாலும் 38 வருஷம் தாங்கும். கடலோர உப்புக் காற்று கடுமையாக வீசும் இடத்தில் தேய்வு 4.2 முதல் 8.4 மைக்ரான். அங்கே அதே முலாம் 10 வருஷத்தில் தீரலாம், 19-ஐத் தாண்டாது. கமுதி கடலை ஒட்டிய ஊர் அல்ல, சாயல்குடி கடலுக்குப் பக்கம். சாயல்குடிக்கும் கமுதிக்கும் ஒரே தடிமனை எழுதிக்கொடுப்பவர் இந்த இரண்டு கணக்கில் ஒன்றைப் படிக்கவில்லை என்று பொருள். கடலோரத்துக்கு முலாமைத் தடிமனாக்க வேண்டும். அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த புதுவகைத் துத்தநாகப் பூச்சுகளும் வந்திருக்கின்றன.

வாசகர் அடுத்த முறை ஏதாவது பண்ணை வேலியருகே இறங்க நேர்ந்தால், தூணை நடுவில் பார்க்க வேண்டாம். மண்ணும் காற்றும் சந்திக்கும் இடத்தில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் பார்க்கட்டும். மண்ணின் ஈரமும் உப்பும் தங்குவது அங்கேதான், முலாம் முதலில் தீர்வதும் அங்கேதான். சாம்பல் நிறம் என்றால் துத்தநாகம் இன்னும் இருக்கிறது. வெள்ளைப் பொடி என்றால் வேகமாகக் கரைகிறது. பழுப்பு தெரிந்தால் கரைய இனி எதுவும் இல்லை, அரிக்கத் தொடங்கியிருப்பது இரும்பு.